இரு கோட்டைகளும் இடையே ஓர் ஆறும்: தோர்தோன் பள்ளத்தாக்கில் நான்கு நாள்கள்

பிரான்சில் கோட்டை பார்க்கப் போகிறேன் என்றால் பலரும் உடனே லுவார் ஆற்றங்கரையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே இருப்பவற்றுள் பெரும்பாலானவை மன்னர்களும் பிரபுக்களும் வேட்டைக்கும் விருந்துக்கும் வந்து தங்கக் கட்டிக்கொண்ட மாளிகைகள். தென்மேற்குப் பிரான்சில் ஓடும் தோர்தோன் ஆற்றின் கரைகளில் நிற்பவை வேறு வகை. சண்டை வரும் என்று தெரிந்தே, சண்டைக்காகவே பாறை விளிம்பில் எழுப்பப்பட்டவை அவை. ஜூன் மாதத்தில் குடும்பத்துடன் நான்கு நாள்கள் அங்கே தங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கஸ்தெல்னோ, பெய்னாக் என்னும் எதிரெதிர்க் கோட்டைகள் இரண்டையும், இடையில் ஓடும் ஆற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவருக்கே இந்தப் பள்ளத்தாக்கு செலவழித்த காசுக்கு நிறைவைத் தரும். ஒரே நாளில் ஆறு ஊர்களைக் காட்டித் திருப்பி அனுப்பும் பேருந்துச் சுற்றுலாவில் போகிறவருக்கு நல்ல புகைப்படங்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

தங்குவதற்குச் சர்லா நகரம் வசதியானது. போர்தோ நகரத்திலிருந்து நேரடி ரயில் உண்டு. இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் சர்லாவுக்கு அப்பால் பொதுப் போக்குவரத்தை நம்பித் திட்டம் போட முடியாது. வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே நல்லது. கோட்டைகள் எல்லாம் சர்லாவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு; பெரியவர் ஒருவருக்குப் பத்து யூரோவுக்கு மேல் ஆகிறது என்பதால், நான்கு பேர் கொண்ட குடும்பம் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

முதலில் கஸ்தெல்னோ. சேயு என்னும் சிற்றாறு தோர்தோனில் வந்து கலக்கும் இடத்துக்கு மேலே, தென்கரைக் குன்றின் முனையில் இருக்கிறது. 1214இல், கதார் என்னும் கிறித்தவப் பிரிவினருக்கு எதிரான சிலுவைப் போரின் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் இதனைக் கைப்பற்றினார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் பலமுறை மாறி, 1442இல் முற்றுகைக்குப் பின் பிரெஞ்சு அரசரிடம் நிலைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கைவிடப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுற்றுவட்டாரத்தினர் கல் பெயர்த்துக்கொண்டு போகும் இடமாகச் சீரழிந்தது. இப்போது நாம் காண்பதில் கணிசமான பகுதி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த சீரமைப்பு. பழமை குலையாத சிதைவைத் தேடுவோருக்கு இது சிறு குறையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை, ஏனெனில் 1985 முதல் இக்கோட்டைக்குள் இயங்கிவரும் இடைக்காலப் போர்க்கலை அருங்காட்சியகத்துக்கு இந்தச் சீரமைப்பு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. அந்த அருங்காட்சியகம் ஒன்றுக்காகவே இங்கே ஏறி வரலாம்.

வாள்களும் கவசங்களும் எல்லா ஊர்களிலும் உண்டு. இங்கே மதிலோரம் முழு அளவில் மரத்தால் செய்து நிறுத்தியிருக்கும் முற்றுகைப் பொறிகள்தான் தனிச்சிறப்பு. பழந்தமிழில் கல்லுமிழ் கவண் என்றொரு சொல் உண்டு. அதன் பொருள் எனக்கு உடம்போடு விளங்கியது இந்தப் பொறிகளின் அடியில் நின்றபோதுதான். நீண்ட மரக்கரம் ஒன்றின் குட்டையான முனையில், மண்ணும் கல்லும் நிரப்பிய, பல டன் எடையுள்ள பெட்டி தொங்குகிறது. மறுமுனையில் கயிற்றுக் கவண். ஆள்கள் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றி நீண்ட முனையைத் தரைக்கு இழுத்துப் பூட்டுகிறார்கள். பூட்டை விடுவித்தால் பெட்டி விழ, கரம் எழ, கவண் சுழன்று கல்லை எறிகிறது. கவணின் ஒரு நுனி கரத்தோடு நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். மறு நுனி வெறும் இரும்புக் கொக்கியில் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் கொக்கியின் வளைவைச் சற்றே நிமிர்த்தினாலோ மடக்கினாலோ கல் விடுபடும் கணம் மாறி, அது விழும் இடமும் மாறிவிடும். அத்தனை பெரிய பொறியின் குறி, விரல் நீள இரும்பு ஒன்றில் அடங்கியிருக்கிறது. என் மகன் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நாங்களும் அவனை அவசரப்படுத்தவில்லை.

இத்தகைய பொறி நூறு கிலோ எடையுள்ள கல்லை ஏறத்தாழ இருநூறு மீட்டர் தொலைவுக்கு எறியும். அதே மதிலில் நின்று வடக்கே பார்த்தால், ஆற்றுக்கு அப்பால், செங்குத்துப் பாறையின் உச்சியில் பெய்னாக் தெரிகிறது. இடைத்தொலைவு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஆக, இந்த இரண்டு கோட்டைகளும் தம்மிடம் இருந்த எந்தக் கருவியாலும் ஒன்றையொன்று தொட்டிருக்கவே முடியாது. நூறாண்டுப் போரின் பெரும்பகுதியில் பெய்னாக் பிரெஞ்சு மன்னர் பக்கமும் கஸ்தெல்னோ ஆங்கில மன்னர் பக்கமும் நின்றன. எதிரி வீட்டு அடுப்புப் புகையைத் தினமும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்வது எப்படி இருந்திருக்கும்? பெய்னாக்கை முதலில் இங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நேராக அங்கே போய் இறங்கினால் அது உயரமான ஒரு கட்டடம் மட்டுமே.

இரண்டாம் நாளை ஆற்றுக்கு ஒதுக்கினோம். செனாக் என்னும் ஊரில் சிறு படகை வாடகைக்கு எடுத்து, நீரோட்டத்தோடு துடுப்புப் போட்டுப் பெய்னாக் வரை வரலாம். நீர் பல இடங்களில் ஆழம் குறைந்தும் தெளிந்தும் இருக்கிறது. அடியில் உருளும் கூழாங்கற்கள் தெரிகின்றன. துடுப்புப் பழக்கம் இல்லாதவரும் அச்சமின்றிப் போகலாம். வழியில் லா ரோக் கஜாக் ஊர், தெற்கு நோக்கிய பாறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பகல் முழுக்க வெயில் வாங்கும் பாறை வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் அந்த ஊரில் வாழையும் பனை வகைகளும் மூங்கிலும் செழிக்கின்றன. பிரெஞ்சுக் கல்வீட்டுச் சுவரோரம் வாழை இலை ஆடுவதைக் கண்டதும் படகில் இருந்த நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பாறை எப்போதும் சாதுவாக இருந்ததில்லை. 1957இல் அதன் ஒரு பகுதி சரிந்து வீடுகளை நொறுக்கி உயிர்களையும் பறித்தது. முற்காலத்தில் மரமும் மதுவும் ஏற்றிச் சென்ற தட்டையடிப் படகுகளின் வடிவில் இன்று சுற்றுலாப் படகுகள் இங்கிருந்து ஒரு மணி நேரச் சவாரி போகின்றன. முதியவர்கள் உடன் வந்தால் அதுவே பொருத்தம்.

படகு வாடகையில் எங்களுக்கு நேர்ந்த ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இறங்குமிடத்திலிருந்து அரை மணிக்கு ஒரு வண்டி வந்து அழைத்துச் செல்லும் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். நிழலற்ற கரையில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்த பிறகே வண்டி வந்தது. ஓட்டுநர் வருத்தம் தெரிவிக்கவில்லை; கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற கேள்விக்கும் தெளிவான பதில் இல்லை. எந்த நிறுவனத்தில் படகு எடுத்தாலும் திரும்பும் வண்டியின் நேரங்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.

ஆற்றில் வரும்போது கோட்டைகளுக்குச் சற்றும் பொருந்தாத ஒன்றும் கண்ணில் படுகிறது: மேலே பாலம் இல்லாத கான்கிரீட் தூண்கள். பெய்னாக் ஊருக்குள் செல்லும் சாலை, பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பதால் கோடையில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன. அதைத் தவிர்க்கத் தொடங்கிய புறவழிச்சாலைத் திட்டத்தை நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிறுத்தி வைத்தது. எழுப்பியவற்றை இடிக்க வேண்டும் என்ற தீர்ப்பும் மறு ஆண்டு வந்தது. நான் போனபோது தூண்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. இந்த ஆற்றங்கரையின் சண்டை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பெய்னாக்குக்கு ஊரின் அடியிலிருந்து நடந்து ஏறினோம். கல் பாவிய குறுகிய தெரு செங்குத்தாக ஏறுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் காரில் சுற்றி வந்து மேல்வாசலுக்கே போய்விடலாம். கோட்டை ஆற்றுமட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆற்றுப்பக்கம் பாறையே காவல் என்பதால் கட்டியவர்கள் தம் உழைப்பையெல்லாம் நிலப்பக்கம் கொட்டியிருக்கிறார்கள்: இரட்டை மதில், அகழி, ஞாயில்கள் எனப்படும் மதிலுச்சிப் பல்வரிசைகள். இங்கிலாந்து மன்னர் சிங்கநெஞ்சர் ரிச்சர்டு இக்கோட்டையைத் தம் கூலிப்படைத் தலைவர் மெர்க்காதியேவுக்குக் கொடுத்திருந்தார். உள்ளே அருங்காட்சியகத்தின் நேர்த்தி கிடையாது. இருண்ட காவலர் கூடம், நடு நடுவே தேய்ந்து குழிந்த படிகள், பெரிகோர் வட்டாரத்தின் நான்கு பெருங்குடிப் பிரபுக்கள் கூடிய மண்டபம், அதை ஒட்டிய சிறு வழிபாட்டு அறையில் மங்கிப்போன பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். கஸ்தெல்னோவில் பொறிகளைப் பற்றித் தெரிந்துகொண்டோம். இங்கே குளிரையும் இருட்டையும் தெரிந்துகொண்டோம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் குழந்தைகளோடு வருபவர் கஸ்தெல்னோவையும், தனியாக வருபவர் பெய்னாக்கையும் தேர்ந்தெடுக்கலாம்.

கஸ்தெல்னோவில் பிறந்த ழோஃப்ருவா தெ விவான் என்பவரின் கதையைத் தொடர்ந்து போனால் தொம் நகரத்துக்கு வந்து சேர்வோம். 1281இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் நிறுவிய மதில் நகரம் அது. வாயில்களும் தெருக்களும் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை, ஆற்றுப்பக்கம் மட்டும் மதில் தேவையில்லை என்று பாறையை நம்பி விட்டுவிட்டார்கள். 1588இல், மதப்போர்களின் காலத்தில், சீர்திருத்தக் கிறித்தவர்களின் (புராட்டஸ்டன்டுகளின்) படைத்தலைவரான விவான் முப்பது பேரோடு இரவில் அந்தப் பாறை வழியாகவே ஏறி வந்து, உள்ளிருந்து கதவுகளைத் திறந்துவிட்டார். அந்த விளிம்பில் இன்று உலாப்பாதை போட்டிருக்கிறார்கள். கீழே எட்டிப் பார்த்தால் இதில் இரவில் எப்படி ஏறினார்கள் என்று மலைப்பாக இருக்கிறது. 1307 முதல் தேவாலய வீரர் சபையினர் (டெம்ப்ளர்கள் எனப்படும் துறவிப் போர்வீரர்கள்) சிறைவைக்கப்பட்டிருந்த கோபுர வாயிலில், அவர்கள் சுரண்டியவை என்று சொல்லப்படும் சிலுவைகளும் உருவங்களும் உள்ளன; உள்ளே செல்வதற்குச் சுற்றுலா அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிலாந்த் மாளிகை இந்த வரிசையில் சேராதது. 1489இல் போருக்கன்றி வாழ்வதற்காகக் கட்டப்பட்டது. ஜன்னல்களின் அளவே அதைச் சொல்லிவிடும். ஆடற்கலைஞர் ஜோசபின் பேக்கர் 1947இல் இதனை வாங்கி, தாம் தத்தெடுத்த பன்னிரண்டு குழந்தைகளை இங்கே வளர்த்து, கடனில் மூழ்கி, 1969இல் வெளியேற்றப்பட்டார். 2021இல், நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிசின் பாந்தியோனில் நாடு அவருக்கு இடம் அளித்தது. அவருடைய உடைகள் உள்ள அறைகள் நன்று. கோட்டை பார்க்க வந்தவருக்கு இது இரண்டாம் பட்சமே.

மாலைகளைச் சர்லாவில் கழித்தோம். பழைய நகரப்பகுதிகளைக் காக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்முதலில் சீரமைக்கப்பட்ட நகரங்களுள் இது முன்வரிசையில் இருந்தது. தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள் அதனால்தான் இத்தனை முழுமையாக நிற்கின்றன. கூரைகளைக் கவனிக்க வேண்டும். ஓடுகளுக்குப் பதில் தட்டைக் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு அரை டன் அளவுக்கு எடை வரும், அதைத் தாங்கத்தான் உள்ளே அத்தனை பருத்த மரச்சட்டங்கள். சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: இவ்வூர் வாத்து இறைச்சிக்கும் கூஸ் எனப்படும் பெரிய வாத்தின் இறைச்சிக்கும் பேர்போனது, சர்லா உருளைக்கிழங்கு வறுவல் என்று உணவுப் பட்டியலில் அப்பாவியாக இருப்பதுகூட அவற்றின் கொழுப்பில் வறுத்ததுதான். சூடாக்கிய சிறு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வால்நட்டும் சேர்ந்த காய்க்கலவை கிடைக்கிறது. அதுவும் ரொட்டியும் வால்நட் கேக்கும் எங்களுக்கு மூன்று இரவுகளுக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்று நாள்களே இருந்தால் மிலாந்தை விட்டுவிடலாம்; தொம்மை விட வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போக நேர்ந்தால் கோட்டைகளுக்குக் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது. சனிக்கிழமை சர்லாவில் பெரிய சந்தை நாள் என்பதால், அன்று காலை பழைய நகரின் பக்கம் காரைக் கொண்டு செல்ல முயல வேண்டாம்.