ஆயில் அளவு: காலைக் குளிரில் பார்ப்பதா, ஓடி வந்த சூட்டில் பார்ப்பதா?

ஒரே கார், ஒரே நாள். காலையில் டிப்ஸ்டிக்கை (இன்ஜினில் செருகியிருக்கும் ஆயில் அளவுகம்பி) இழுத்தால் ஆயில் அதன் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. மாலையில் வண்டியை நிறுத்திய கையோடு இழுத்தால் கீழ்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றினால், மறுநாள் காலையில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கும்.

இதற்குக் காரணம் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும் இரண்டு விஷயங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டர் ஹெட்டிலும் ஆயில் பாதைகளிலும் இருக்கும். நிறுத்திய உடனே பார்த்தால், இன்னும் கீழே வந்து சேராத அந்தச் சில நூறு மில்லி கணக்கில் வராது. அளவு குறைவாகத் தெரியும். மறுபக்கம், சூட்டில் ஆயில் விரியும். 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது 4 லிட்டர் ஆயில் ஏறக்குறைய 200 மி.லி. கூடுதல் இடம் பிடிக்கும். பல கார்களில் கீழ்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 லிட்டர்தான் வித்தியாசம். அப்படியென்றால் அந்த விரிவு மட்டுமே இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு.

குளிர்ந்த நிலையில்

இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு பார்ப்பது. வடிய வேண்டியதெல்லாம் வடிந்துவிட்டது, கை சுடாது, காத்திருக்கவும் வேண்டாம். இதன் பெரிய பலம், ஒவ்வொரு முறையும் நிலைமை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது. இன்ஜின் ஆயில் குடிக்கிறதா, எவ்வளவு வேகத்தில் குடிக்கிறது என்று கணக்கு வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

குறை என்னவென்றால், பல தயாரிப்பாளர்கள் கோடுகளைச் சூடான இன்ஜினுக்காகப் போடுகிறார்கள். அத்தகைய வண்டியில் குளிரில் மேல்கோடு வரை நிரப்பினால், சூடானதும் கோட்டைத் தாண்டும். குளிரில் பார்த்து ஊற்றுபவர்கள் மேல்கோட்டுக்கு 3–4 மி.மீ. கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

சூடான நிலையில்

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின் நிறுத்தி, காத்திருந்து பார்ப்பது. எவ்வளவு நேரம்? டொயோட்டா கையேடுகள் 5 நிமிடத்துக்கு மேல் என்கின்றன. ஹோண்டா கையேடுகள் சுமார் 3 நிமிடம் என்கின்றன. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே உங்களுக்கு விதி. அதில் நேரம் குறிப்பிடவில்லை என்றால் 10 நிமிடம் விடுங்கள். ஊற்றி நிரப்பும்போது இந்த முறைதான் சரி, ஏனென்றால் கோடு எந்த நிலைக்காகப் போடப்பட்டதோ அதே நிலையில் பார்க்கிறீர்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம்

அதிகம் பேர் விழுவது இதில்தான். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, நிழலிலிருந்து வெளியே நகர்த்தி நிறுத்தி, உடனே பானட்டைத் திறப்பார்கள். பம்பு ஆயிலை மேலே ஏற்றிவிட்டது. ஆனால் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும். சூடான இன்ஜினுக்குச் சொன்ன 5 நிமிடம் இங்கே போதாது. இப்படிப் பார்த்துக் 'குறைகிறது' என்று ஊற்றியதால் அளவு மீறிய இன்ஜின்கள் ஏராளம். மீறினால் இன்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை கலந்த ஆயில் பேரிங்குகளுக்கு இடையே படலத்தைத் தாங்காது. தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிட்டால், அளவு பார்ப்பதை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

எந்த முறையானாலும் கை செய்ய வேண்டியது

சமதளம் முதல் நிபந்தனை. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி டிப்ஸ்டிக் இறங்குகிறது என்று வையுங்கள். தரை அந்தத் திசையில் 3 டிகிரி சாய்ந்திருந்தால் ஆயில் மட்டம் கிட்டத்தட்ட 8 மி.மீ. மாறும். கோடுகளுக்கு இடையே 20 மி.மீ. இருக்கும் டிப்ஸ்டிக்கில் இது பாதிக்குச் சற்றே குறைவு! கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரைகூட ஏமாற்றும். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசை பார்த்து நிறுத்துங்கள்.

முதல் இழுப்பில் வருவது தெறித்து ஒட்டிய ஆயில், அதை நம்ப வேண்டாம். நூல் உதிராத துணியால் துடைத்து, உள்ளே காற்றழுத்தம் சமமாக ஓரிரு விநாடி விட்டு, பிடி முழுவதும் அமரும்வரை செருகி மீண்டும் இழுங்கள். நுனியை மேலே தூக்காமல் கிடையாகப் பிடியுங்கள். தூக்கினால் ஆயில் பிடியை நோக்கி ஓடிவிடும். இரண்டு பக்கமும் பாருங்கள். குழாய்ச் சுவரில் உரசிய பக்கம் உயரமாகக் காட்டும், குறைவாகக் காட்டும் பக்கமே உண்மை. புது ஆயில் தண்ணீர்போல் தெளிவாக இருந்து கோடு தெரியவில்லையா? வெள்ளைக் காகிதத்தில் நுனியை ஒற்றினால் ஈரம் எதுவரை என்று தெரிந்துவிடும்.

ஊற்றும்போது 200 மி.லி. வீதம் ஊற்றி, சில நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். ஊற்றுவது எளிது, எடுப்பது கடினம்.

சென்சார் போதுமா?

பி.எம்.டபிள்யூ., ஆடி போன்றவற்றின் சில மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில் பார்ப்பதுதான் ஒரே வழி. ஓட்டத்திலேயே எச்சரிக்கும் என்பது நிஜமான வசதி. ஆனால் பல வண்டிகளில் இன்ஜின் சூடாகி, சிறிது தூரம் ஓடிய பிறகுதான் எண் வரும். ஆயில் மாற்றிய உடனே காட்டுவது பழைய அளவாகவும் இருக்கலாம். பெட்ரோல் வாடையோ, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்த பால் நிறமோ திரையில் தெரியாது. டிப்ஸ்டிக்கும் இருக்கும் வண்டியில் அதையே நம்புங்கள். சிவப்பு ஆயில் விளக்கையும் அளவு காட்டுவதாக எண்ண வேண்டாம்: அது அழுத்தம் விழுந்ததற்கான விளக்கு. எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்கள் குறைவதைப் போலவே கூடுவதையும் கவனிக்க வேண்டும். புகை வடிகட்டியில் படிந்த கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். குட்டிப் பயணங்களில் எரிப்பு பாதியில் நின்றால் இது அதிகம். ஊற்றாமலே அளவு ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். மாஸ்டாவின் சில டீசல்களில் இதற்கென்றே மேல்கோட்டுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி உண்டு. அதை எட்டியபின் கூடுதலை மட்டும் உறிஞ்சி எடுத்தால் மட்டம் இறங்கும், நீர்த்த ஆயில் அப்படியே இருக்கும். முழுவதையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.