விறகடுப்பு கட்டி நாலு வருஷம்: அடுப்புக்கு ஆன செலவும் புகைக்குழாய்க்கு ஆன செலவும்

சோழவந்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. பின்கட்டுச் சமையலறையில் புகைபோக்கி வைத்த விறகடுப்பு கட்டி, இந்த ஆவணியோடு நாலு வருஷம் முடிந்துவிட்டது. எவ்வளவு ஆச்சு என்று கேட்கிற எல்லோரிடமும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு "ஆனா..." என்று இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த "ஆனா"வை முழுசாகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

2021 ஆவணியில் சிலிண்டர் 900 ரூபாயைத் தொட்டிருந்தது. வீட்டில் ஏழு பேர். தோப்பில் 40 தென்னை நிற்கிறது. ஒரு மரம் மாதத்துக்கு ஒரு மட்டை போடும் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 480 மட்டை. பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி எல்லாம் தனி. ஆனால் கட்டியதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. என் அத்தை (மாமியார்) குளிக்க வெந்நீரும் மத்தியானச் சோறும் மூணு கல் அடுப்பில்தான் வைப்பார். மழை வந்தால் அந்த அடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும். கண் சிவந்து, விடிய விடிய இருமல். மதுரையில் டாக்டரிடம் காட்டியபோது, அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வியே "வீட்ல விறகு எரிக்கிறீங்களா?" என்பதுதான்.

அத்தை விறகை விடவும் மாட்டார், புகையில் அவரை விடவும் எங்களுக்கு மனசில்லை. அதனால்தான் புகைபோக்கி.

2021இல் ஆன செலவு இது. செங்கல் 180, கல்லுக்கு 9 ரூபாய் வீதம் 1,620. நெருப்பு நேராகப் படுகிற இடத்துக்குத் தீச்செங்கல் 20, அது 1,000. விறகுக்கு அடியில் காற்று போக, வெல்டிங் பட்டறையில் அடித்த இரும்புக் கம்பித் தட்டு 450. நாலு இஞ்சு ஆஸ்பெஸ்டாஸ் குழாய் 650, அதன் தலையில் தொப்பி 200. மேஸ்திரிக்கு இரண்டு நாள் கூலி 1,800, சித்தாளுக்கு 1,100. ஆட்டோ வாடகை, கொஞ்சம் சிமெண்ட் என்று சில்லறையாக 380. மொத்தம் 7,200 ரூபாய். செம்மண்ணும் உமியும் சாணியும் நம்முடையது.

இரண்டு வாய் அடுப்பு. முன்வாயில் எரிகிற தீ, உள்ளே சுரங்கம் மாதிரி ஓடி, பின்வாயில் வைத்த தண்ணீரைச் சுட வைத்துவிட்டுக் குழாய் வழியாக வெளியேறும். பின்வாயில் பாத்திரம் இல்லாத நேரத்தில் அதைத் தட்டுப் போட்டு மூடியே ஆக வேண்டும். திறந்து கிடந்தால் குழாயின் இழுப்பு செத்துப்போய், புகை அங்கேயே கிளம்பும். இது பழக எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

தப்பு நடந்தது குழாயில். இரும்புக் குழாய் போடலாமா என்று நான் கேட்டபோது மேஸ்திரி, "என்னத்தா, மண்ணடுப்புக்கு எதுக்கு இரும்புக் குழாய்? ஆஸ்பெஸ்டாஸே போதும், அம்புட்டுத்தேன்" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை, ஊரில் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள், விருந்தாளிகளுக்காகக் காலையிலிருந்து எரித்ததில் அடுப்பை ஒட்டிய பகுதியில் நெட்டுக்கு விரிசல் விட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். இருமலுக்குப் பயந்து கட்டிய அடுப்பில் அதை வைத்திருந்தோமே என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து சமையலறையில் அதைப் போடாதீர்கள்.

விரிசலைக் களிமண் பூசி ஒப்பேற்றி ஓட்டினோம். அடுத்த ஆடியில் இன்னொன்று தெரிந்தது. குழாய் ஓட்டுக்கு மேலே ஒரு அடிதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஆடிக்காற்று கூரை முகட்டில் மோதித் திரும்பி, புகையை அப்படியே குழாய்க்குள் அமுக்கியது. அடுப்படியில் நிற்க முடியவில்லை.

பிறகுதான் ஐந்து இஞ்சு இரும்புக் குழாய், 16 அடி, முகட்டைத் தாண்டி மூணு அடி உயரம். நடுவில் வளைவே கிடையாது. குழாய் 3,400, வெல்டிங்கும் தொப்பியும் இழுப்பைக் குறைக்கும் தகடும் 700, மாட்டும் கூலி 900. மொத்தம் 5,000. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை குழாயில் படக்கூடாது. சுற்றிலும் அரையடி வெட்டி எடுத்துவிட்டுத் தகரம் அடிக்கச் சொன்னேன். இதை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். வேலை செய்கிறவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

ஆக 12,200. முதலிலேயே இரும்புக் குழாய் போட்டிருந்தால் ஆயிரத்துக்கும் மேல் மிச்சமாகியிருக்கும்.

அத்தை ஒரு பழைய கதை சொன்னார். 1980களில் அரசாங்கம் புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது அவர் பிறந்த வீட்டிலும் ஒன்று கட்டிக் கொடுத்தார்களாம். ஒரு வருஷத்தில் குழாய் கரி பிடித்து அடைத்துக்கொண்டது. சுத்தம் பண்ணும் வழியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடித்துவிட்டு மறுபடி மூணு கல். 1983 வாக்கில் தொடங்கிய அந்தத் திட்டம் 2002 வரை நடந்தது. அந்தக் கதையைக் கேட்டுத்தான், குழாயின் அடியில் ஒரு செங்கல்லை மட்டும் சிமெண்ட் இல்லாமல் மண் பூசி வைக்கச் சொன்னேன். அதை உருவினால் கரி கையில் வந்துவிடும். மேலேயிருந்து நீளக் கம்பில் சாக்கைக் கட்டி இறக்கி ஏற்றினால் அரைமணி நேர வேலை. வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் தவறக்கூடாது, ஈர விறகு அவ்வளவு கரியைக் கக்கும். மற்றபடி கம்பித் தட்டு மூணாவது வருஷம் சூட்டில் வளைந்தது, மாற்ற 500. மண் வெடிப்புக்கு வெள்ளிக்கிழமை மெழுகும்போதே பூசிவிடுகிறோம்.

மிச்சம் ஆகிறதா? எங்களுக்கு ஆகிறது. 24 நாளில் தீர்ந்த சிலிண்டர் இப்போது 50 நாள் வருகிறது. காபியும் அவசரச் சமையலும் காஸில்தான். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் குறைந்ததில், போட்ட பணம் இரண்டு வருஷத்துக்குள் திரும்பிவிட்டது.

விறகை விலைக்கு வாங்குகிறவர்கள் கணக்கு வேறு. ஒரு கிலோ காஸில் ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, காய்ந்த விறகில் 15தான். காஸ் அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போகும், இந்த மாதிரி அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே பெரிது. 14.2 கிலோ சிலிண்டரின் வேலைக்கு 120, 130 கிலோ விறகு தேவைப்படும். எங்கள் பக்கம் சீமைக்கருவேல விறகு கிலோ 7 ரூபாய். 900 ரூபாய் ஆகிவிடுகிறது, ஏறக்குறைய சிலிண்டர் விலைக்கே.

அத்தைக்கு இருமல் முழுசாகப் போகவில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறார். புகைபோக்கி இருந்தாலும் சன்னலைத் திறந்தே வைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கொஞ்சமாவது உள்ளே தங்கும்.

போன மாதம் திருமங்கலத்திலிருந்து நாத்தனார் போன் பண்ணி, "மதினி, எங்க வீட்லயும் கட்டிரலாமா?" என்றாள். மாடி வீடு, மேலே இன்னொரு குடித்தனம், விறகு முழுக்கக் கடையில் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீவுக்கு வரும்போது அவள் பிள்ளைகளுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு இந்த அடுப்பிலேயே வைத்துத் தருகிறேன் என்றேன்.