தொடையா நெஞ்சா, சட்டியா நெருப்பா: எந்தக் கறிக்கு எந்தச் சமையல்?

எந்தக் கறி பிடிக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கோழி, ஆடு, மாடு, பன்றி, வாத்து என்று கட்சி பிரிந்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் பாதி விஷயம்தான் இருப்பதாகத் தோன்றும். ஒரே ஆட்டின் முன்சப்பையையும் முதுகுக்கறியையும் ஒரே சட்டியில் ஒரே நேரம் வேகவைத்துப் பாருங்கள். சப்பை வாயில் கரையும். முதுகு மரத்தூள் மாதிரி தொண்டையில் அடைக்கும். அதனால் இங்கே துண்டோடு துண்டையும் அடுப்போடு அடுப்பையும் மோதவிடுகிறேன்.

கோழியில் நான் தொடைக் கட்சி. கோழி நாளெல்லாம் நடக்கும், எப்போதாவதுதான் சிறகடிக்கும். உழைக்கிற தொடையில் மயோகுளோபின் என்கிற நிறமிப் புரதமும் கொழுப்பும் சவ்வும் கூடுதல். நெஞ்சில் இவை எல்லாமே குறைவு. உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் கோழி சாப்பிடப் பாதுகாப்பானது. நெஞ்சுக்கறிக்கு அதுவே எல்லைக்கோடு. 80-ஐத் தொட்டால் சாறெல்லாம் பிழிந்துபோய் நார்நாராகும். தொடை நேர்மாறு. 74-ல் வெந்திருக்கும், ஆனால் எலும்பை ஒட்டிய இடம் ரப்பராக இழுக்கும். 80, 85 வரை போனால்தான் சவ்வு இளகிப் பதம் வரும். அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போகிறவருக்குத் தொடை, அடுப்பை விட்டு நகராதவருக்கு நெஞ்சு.

நெஞ்சுக்கறியைக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பாவத்தை நானும் செய்திருக்கிறேன். வந்த விருந்தாளி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்று டம்ளர் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதன்பிறகு நெஞ்சு என்றால், தடித்த பக்கத்தைத் தட்டிச் சமமாக்கி, ஒரு மணி நேரம் முன்பே உப்புப் போட்டுவைத்து, சூடான வாணலியில் சட்டென்று முடிப்பதோடு சரி. மிச்சமிருக்கிற ஓரிரண்டு டிகிரியை இறக்கிவைத்தபின் அதன் சொந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்.

ஆட்டுக்கு வந்தால் முதல் தகராறே வெள்ளாடா செம்மறியா என்பது. வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு கம்மி, நெருப்பில் காட்டினால் சீக்கிரம் வறண்டுபோகும். செம்மறியில் கொழுப்பு அதிகம், அதுவே உருகிக் கறியை நனைத்துக்கொண்டிருக்கும். நெருப்பில் சுட செம்மறி, நீரில் நிதானமாக வேக வெள்ளாடு என்பது என் கணக்கு. செம்மறியில் ஒரு சங்கடம் உண்டு: அதன் கொழுப்பு சீக்கிரம் உறையும். தட்டு ஆறிவிட்டால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும். சுடச்சுடச் சாப்பிட்டுவிட வேண்டும்.

அடுத்த மோதல்தான் எனக்குப் பிடித்தது: சட்டியா குக்கரா? சவ்வில் இருக்கும் கொலாஜன் என்கிற கெட்டிப் புரதம் இளகி, பிசுபிசுப்பான ஜெலட்டின் ஆக வேண்டும். கறி மெத்தென்று ஆவதன் ரகசியம் அவ்வளவுதான். 70 டிகிரிக்கு மேல் மெல்ல நடக்கும் அந்த வேலை, சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரியை ஒட்டிப் போகும். சட்டியில் இரண்டு மணி நேரம் கேட்கிற சப்பைக்கறி அதில் அரை மணிக்குள் வெந்துவிடும். நேரத்தில் குக்கரை அடிக்க ஆளில்லை. ஆனால் மூடிய மூடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, நீர் வற்றாது, நிறம் ஏறாது. ஐந்து நிமிடம் கூடிவிட்டால் துண்டு துண்டாக இருந்த கறி நூல் நூலாகப் பிரிந்து கிடக்கும்.

சட்டியில் அந்த இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தளதளவென்று கொதிக்கக் கூடாது; ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்து அடங்குகிற சூடு போதும். ஒரு மணி நேரத்தில் குத்திப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். பயந்துபோய்த் தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான், கறி கெடுவதும் இந்த இடத்தில்தான். ஒன்றரை மணியிலும் பிடிவாதம் பிடிக்கும். பிறகு ஏதோ ஒரு பத்து நிமிட இடைவெளியில் மனம் மாறிவிடும். கரண்டி விளிம்பை வைத்து அழுத்தினால் துண்டு பிரியும், எலும்பைப் பிடித்துத் திருகினால் கறிக்குள்ளேயே சுழலும். சாற்றை நக்கிப் பார்த்தால் உதட்டோடு உதடு ஒட்டும். அந்த ஒட்டல்தான் ஜெலட்டின்.

அவசர நாளில் நானும் குக்கர்தான் வைக்கிறேன். முதலில் திறந்தபடியே கறியைச் சிவக்க வதக்கி, அப்புறம் மூடி, அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருந்து, கடைசியில் திறந்துவைத்துச் சாற்றைச் சுண்டவைப்பேன். ஆவியைச் சட்டென்று விட்டால் உள்ளே சாறு கொந்தளிக்கும். கறியும் சேர்ந்து வறளும்.

மாட்டுக்கறியில் கெண்டைக்கால் மாதிரி உழைத்த பகுதிகளுக்கு மேலே சொன்ன அதே சட்டி நியாயம்தான். முதுகிலிருந்து வருகிற இளம் துண்டுக்குத்தான் வாணலியா கரி அடுப்பா என்ற சண்டை. இரண்டிலும் நாம் தேடுவது அந்தப் பழுப்பு மேலோட்டை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து தருகிற நிறம், மணம் அது. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் பெயரால் மையார் வினை என்கிறார்கள். 140 டிகிரிக்கு மேல்தான் அது சூடுபிடிக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. எனவே எந்த அடுப்பானாலும் முதல் வேலை, கறியைத் துணியால் ஒற்றி உலர்த்துவது.

கனமான இரும்பு வாணலியில் கறியின் முகம் முழுவதும் பொரியும். கரியில் கம்பி பட்ட இடம் மட்டும் கருகும். மேலோடுதான் முக்கியம் என்றால் வாணலி ஜெயிக்கிறது. கரி தருவது வேறொன்று: சொட்டுகிற கொழுப்பு தணலில் எரிந்து எழுப்புகிற புகை மணம். கொழுப்பே இல்லாத துண்டைக் கரியில் சுடுவதில் பெரிய லாபம் இல்லை. பலமான தீயில் மேற்புறத்தைப் பொரித்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் சொல்லிவைத்ததை இன்றும் நம்புகிறோம். தவறு. வாணலியில் கேட்கிற 'சொய்ங்' சத்தமே சாறு வெளியேறுவதன் சத்தம்தானே!

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆடு, மாட்டின் முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். 63 டிகிரி உள்வெப்பமும் இறக்கியபின் மூன்று நிமிட ஓய்வும் போதும். கொத்துக்கறியில் மேல் உள் எல்லாம் கலந்துவிடுவதால் 71 டிகிரி வர வேண்டும். பன்றி முழுத்துண்டுக்கும் அதே 63-தான். முன்பு 71 சொன்ன அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-ல் அதைக் குறைத்தது. பன்றி முதுகுக்கறியைச் செருப்புத் தோலாக்கிவிட்டு 'பன்றி என்றாலே கடினம்' என்பவர்களுக்கு இது தெரியட்டும். பன்றியின் தோள்பட்டையோ மிதமான சூட்டில் ஓவனுக்குள் பல மணி நேரம் கிடந்து 90 டிகிரியைத் தாண்ட வேண்டியது.

வாத்து நெஞ்சுக்கு ஒரே விதி: தோலைக் கீறி, குளிர்ந்த வாணலியில் தோல் கீழாக வைத்து, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். கொழுப்பு பொறுமையாக உருகி இறங்கினால்தான் தோல் மொறுமொறுக்கும்.

கடைசியாக ஊறவைக்கிற சண்டை: தயிரா, பப்பாளிக்காயா, உப்பா? மசாலா எவ்வளவு நேரம் ஊறினாலும் சில மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். ஆழமாக இறங்குவது உப்பு. என் ஓட்டு அதற்குத்தான். தயிர் மென்மையானது, சில மணி நேரம் மறந்தாலும் மன்னிக்கும். பப்பாளிக்காய் மன்னிக்காது. அதன் பப்பேன் நொதி புரதத்தையே வெட்டும். கெட்டியான துண்டுக்குக் கொஞ்சம் தடவி அரை மணி நேரம் வைக்கலாம். இரவு முழுக்க வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் துண்டின் மேற்புறத்தை விரலால் வழித்தெடுக்கலாம்.