பழைய கார் மனுவல் வாங்குகிறவர்கள் கவனம்: புத்தகமும் பீடிஎஃபும் ஒரே ஏமாற்று

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கார்களின் ஒரிஜினல் வேர்க்சொப் மனுவல், அதாவது கம்பனி போட்ட திருத்த வேலை வழிகாட்டி, புத்தகமாகவும் உண்டு, பீடிஎஃபாகவும் உண்டு என்று ஒருவர் விளம்பரம் போட்டு விற்கிறார். ஆளின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் பெயரை மாற்றி மாற்றித்தான் விற்கிறார், எழுதியும் பயனில்லை. சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அதை வைத்தே பிடித்துவிடலாம்.

எங்களுடையது அப்பா காலத்து மொரிஸ் மைனர் 1000. பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் தகடு, 1098 சிசி எஞ்சின். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தக் கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. விற்கச் சொல்லி வந்தவர்களுக்கு அப்பா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். சரி, திருத்தி ஓட்டுவோம் என்று இறங்கியபோதுதான் மனுவல் தேவைப்பட்டது. கரையோரத்தில் பழைய அச்சுப் புத்தகம் கிடைப்பது லேசான காரியம் இல்லை. 78 சூறாவளிக்குத் தப்பியது பலருக்கு 2004 இல் கடலோடு போனது. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது.

விளம்பரம் போட்டவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே “1098க்கு உரியதுதானே?” என்பதுதான். “ஓம் அண்ணே, மைனர் எல்லாத்துக்கும் ஒரே புத்தகம்தான், முழுசா இருக்கு” என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் கெட்டித்தனம். கம்பனி போட்ட மனுவலில் மைனரின் முந்திய வகைகளான எம்எம், சீரிஸ் 2, பிறகு மைனர் 1000 எல்லாமே ஒன்றாக வரும். ஆனால் 1098 எஞ்சின் வந்தது 1962 இல். அதற்கு முந்திய பதிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்க வழியில்லை. 4,500 ரூபா வங்கியில் போட்டதும் வந்த கோப்பில், அட்டை மட்டும் பிந்திய பதிப்பின் அட்டை. உள்ளே 803, 948 சிசி எஞ்சின்களோடு கதை முடிந்துவிட்டது.

இது உடனே தெரியவில்லை. பக்கங்கள் எல்லாம் படமாக ஸ்கேன் செய்தவை, எழுத்தைத் தேட முடியாது. உள்ளடக்கப் பக்கத்தையும் காணோம். அதில் இருந்த அளவைச் சொல்லி கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் இருந்து முன் சில்லுக்கு பிரேக் சூ எடுப்பித்தோம். வந்தது 7 அங்குல டிரம்முக்கு உரியது. 948 வரைக்கும் அதுதான் சரி. 1098 வந்தபோது முன்னுக்கு 8 அங்குலமாக்கி, பின்னுக்கு மட்டும் 7 ஐ விட்டார்கள். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைத்தான் அனுப்பினார்.

அடுத்தது வயரிங். மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் காரின் பொடியில் (உடலில்) எர்த், இப்போதைய கார்களுக்கு நேர்மாறு. படம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. மனுவலில் அந்தப் படம் மடித்து வைத்த நீளத் தாள். இவர்கள் அதை விரிக்காமலே ஸ்கேன் பண்ணியிருக்கிறார்கள். டைனமோவும் கன்ட்ரோல் பொக்ஸும் மடிப்புக்குள் போய்விட்டன. தெரிகிற பாதியிலும் வயர் நிறத்தைக் குறிக்கும் எழுத்துகள் எறும்பு மாதிரி. வால்வு இடைவெளி 0.012 அங்குலம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கடைசி இலக்கம் 2 ஆ 8 ஆ என்று சத்தியம் பண்ண முடியாது.

முறையிட்டால், “பீடிஎஃப் என்றால் அப்பிடித்தான், கூட 3,500 போட்டா ஒரிஜினல் புத்தகம் அனுப்புறன்” என்றார். கூரியரில் புத்தகமும் வந்தது. காத்தான்குடியில் எங்கள் காருக்கு வயரிங் பார்க்கும் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) நாலு தாளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது புத்தகம் இல்ல, அந்த பைல்ட மையத்து.” மையத்து என்றால் பிணம். அதே கோப்பை அச்சடித்து, பழுப்பு அட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கோப்பில் ஸ்கேன் செய்தவரின் பெருவிரல் விழுந்த பக்கத்தில், புத்தகத்திலும் அதே விரல். அதைச் சொன்னதும் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.

புத்தகமா பீடிஎஃபா என்று கேட்டால், காருக்குக் கீழே படுத்துக் கிடக்கும்போது எனக்குப் புத்தகம்தான் வேண்டும். எண்ணெய்க் கையால் போனைத் தொட்டால் திரை அணைந்துவிடும், பக்கம் மாறிவிடும். புத்தகத்தில் கறை பட்ட பக்கம்தான் அடிக்கடி தேவைப்படும் பக்கம், தானாகவே விரியும். ஆனால் வயரிங் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க டிஜிட்டலை மிஞ்ச முடியாது, அதுவும் ஒழுங்காக ஸ்கேன் செய்திருந்தால்தான். மங்கின கோப்பை அச்சடித்தால் மங்கின புத்தகம்தான் வரும்.

கடைசியில் கல்முனையில் மைனர் வைத்திருக்கும் ஒரு ஐயா தன் புத்தகத்தை இரவல் தந்தார். மடிப்புத் தாளை மட்டும், வீட்டுப் பிளான் பிரதி எடுக்கிற கடையில் விரித்துப் பெரிதாக எடுத்து, லெமினேட் பண்ணிக் கராஜ் சுவரில் அடித்திருக்கிறோம். காக்கா அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்.

காசு போட முதல் உள்ளடக்கப் பக்கத்தைப் படம் பிடித்துக் கேளுங்கள். மடிப்புத் தாளை முழுதாக விரித்து ஒரு வீடியோ கேளுங்கள். உண்மையான புத்தகம் கையில் இருப்பவருக்கு ஒரு நிமிட வேலை இது. மைனர்காரர்கள் எஞ்சின் நம்பரையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்றால் 1098. இடையில் எஞ்சின் மாற்றிய கார்கள் நிறைய ஓடுவதால், பிரேக்கைத் தனியாக அளந்து பார்ப்பது நல்லது.

இதை இப்போது எழுதக் காரணம், அதே ஆள் வேறு பெயரில் மெசி பெர்குசன் 35 ட்ரக்டருக்கு மனுவல் விற்கத் தொடங்கியிருக்கிறார். படத்தில் அதே மேசை, அதே பூப்போட்ட விரிப்பு. அம்பாறை, அக்கரைப்பற்று வட்டைக்காரர்கள், அதாவது வயல் செய்பவர்கள்தான் குறி போலிருக்கிறது. 35 இல் முதலில் வந்த டீசல் 4 சிலிண்டர் ஸ்டாண்டர்ட் எஞ்சின், பிறகு வந்தது 3 சிலிண்டர் பேர்கின்ஸ். இரண்டும் முற்றாக வேறு எஞ்சின்கள். எந்த எஞ்சினுக்கு உரியது என்று கேளுங்கள். “எல்லாத்துக்கும் ஒரே புத்தகம்தான் அண்ணே” என்று சொன்னால், ஆள் அவர்தான்.