குன்னூர் கணக்கு வகுப்பு: பாடம் சரி, நாற்காலிதான் மோசம்

பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடியில் நடக்கும் மாலை நேர டேலி (கணினியில் கணக்கு எழுதும் மென்பொருள்) வகுப்பில் ஆறு வாரம் படித்தேன். எனக்கு வர்க்கி பேக்கரி, கணக்கெல்லாம் இதுவரை நோட்டில்தான்.

டேலியில் எஃப்4 அழுத்தினால் வரும் கான்ட்ரா பதிவு, கல்லாப் பணத்தை வங்கியில் போடுவதற்கும் எடுப்பதற்கும். கான்ட்ரா கணக்கு என்பது அதுவல்ல, வேறு ஒரு கணக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்ட அதன் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் துணைக் கணக்கு. இரண்டும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், ஆடிட்டரிடமும் கேட்க வெட்கம்.

கான்ட்ரா கணக்குக்கு மாஸ்டர் என் அடுப்பையே உதாரணமாக எடுத்தார். வாங்கிய விலை 2,00,000. தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம், மீதி மதிப்பில் மட்டும் கணக்கிடும் குறைந்து செல் முறையில் முதல் வருடம் 30,000, அடுத்தது 25,500. அதை அடுப்புக் கணக்கிலேயே கழிக்காமல் சேர்ந்த தேய்மானம் என்று தனியாக வரவுப் பக்கம் (கிரெடிட்) வைத்தால் 55,500 நிற்கும், வாங்கிய விலையும் அழியாது, இப்போதைய மதிப்பு 1,44,500 என்றும் தெரியும். கடைக்காரர்கள் திருப்பித் தரும் நமுத்த வர்க்கியும் அப்படித்தான், விற்பனையில் நேராகக் கழிக்காமல் விற்பனைத் திருப்பம் என்று பற்றில் (டெபிட்) எழுதினால்தான் எவ்வளவு வீணாகிறது என்று கண்ணில் படும் (மழைக்காலத்தில் எனக்கு அது பயங்கரம்).

வாரா ஐயக்கடன் ஒதுக்கை, அதாவது திரும்பி வராமல் போகலாம் என்று நினைக்கும் கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்குவதை மட்டும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார், கடனுக்கு விற்பவர்கள் விடாமல் கேளுங்கள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் கிடையாது, நாற்காலி முதுகை ஒடிக்கும். ஆனாலும் போகலாம், ஸ்வெட்டரோடு.