ஷூவுக்கு நாலு ஸ்டார், பில்லுக்கு முட்டை

ஆன்லைனில் வாங்கிய ஷூவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குறை இல்லை. பையனுக்கு எட்டாம் நம்பர், கச்சிதமாகப் பொருந்தியது. தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கத்தில் எங்கள் சந்து வீட்டைக் கண்டுபிடிக்க டெலிவரி தம்பி ஒரே ஒரு போன்தான் போட்டார்: "அண்ணே, தண்ணி லாரி நிக்குதே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" அவருக்கு அஞ்சு ஸ்டார்.

பில்தான் வில்லங்கம். சவுகார்பேட்டையில் ஒரு பாத்திர மொத்தக் கடையில் நாள் முழுக்க ஜிஎஸ்டி பில் போடுவது என் பிழைப்பு. இந்த ஆன்லைன் கடை சரியான ஆளிடம்தான் மாட்டியது.

ரூ.3,999-ஐ அடித்துவிட்டு 'பாதி விலை, ரூ.1,999' என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். பணம் கட்டுகிற கடைசித் திரையில் வரி என்று ஒரு வரி முளைத்தது: ரூ.360. ஆக 2,359. "போடுப்பா, ஆஃபர் முடிஞ்சிடும்" என்று பையன் பறந்தான். போட்டுவிட்டேன். இப்படிக் கடைசியில் விலையை ஏற்றுவதை ஏமாற்று உத்தி என்று 2023-லேயே மத்திய அரசு வழிகாட்டுதலில் சேர்த்தாயிற்று.

பெட்டி வந்ததும் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பார்த்தேன். எம்.ஆர்.பி. ரூ.3,999, கீழே பொடி எழுத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட'. அந்த விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. அதில் பாதியைத் தள்ளினால் மிச்சம் 1,999-க்குள்ளும் வரி இருக்கத்தானே செய்யும்? அதன் தலையில் இன்னொரு வரியா? ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் வரிக் காலத்திலேயே துணிக்கடை, செருப்புக்கடையெல்லாம் இந்த வேலையைச் செய்தன. தள்ளுபடி விலைக்கு மேல் வரி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் சொல்லிவிட்டது.

அடுத்த கூத்து, வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி ரூ.2,500 வரை காலணிக்கு 5 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 18. பில்லில் காட்டிய தள்ளுபடியைக் கழித்துவிட்டுத்தான் வரி போட வேண்டும். இவர்கள் ஸ்டிக்கர் விலையைப் பார்த்து 18 போட்டிருக்கிறார்கள். ஒழுங்காகப் போட்டிருந்தால் பொருள் 1,903.81, வரி 95.19, கூட்டினால் அதே 1,999. விற்றவரின் ஜிஎஸ்டி எண் 06-ல் தொடங்குகிறது, அரியானா. அதனால் மத்திய, மாநில வரி என்று பிரிக்காமல் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் போடும் ஐஜிஎஸ்டி ஒன்றே போட்டது சரி. பில்லில் சரியாக இருந்தது அது மட்டும்தான்.

சாட்டில் கேட்டேன். "சலுகை விலைக்கு வரி தனி சார், கண்டிஷன்ல இருக்கு." வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பாய் கடையில் இருநூறு குறைக்கச் சொன்னால் "இதுலயே ஒண்ணும் நிக்கல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் சொன்ன விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டதில்லை.

2020-ல் வந்த இணைய வணிக விதிகள்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். புகார் கொடுத்து ஆறு நாள் மூச்சுப் பேச்சில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதிந்தேன். "முந்நூத்தி அறுவதுக்கு இம்மாம் அலப்பறையாங்க?" என்றாள் வீட்டுக்காரி. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அரியானாவுக்கும் போக வேண்டாம், குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றேன். "லீவு போட்டா சம்பளம் யாரு குடுப்பாங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நல்லவேளை, பதினோராம் நாள் ரூ.360 கணக்கில் ஏறியது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். திருத்திய பில் மட்டும் இன்னும் வரவில்லை. மூன்று மெயில் போட்டாயிற்று, நாளைக்கு நாலாவது.