பெரியம்மாவுக்கு வீட்டுக்கே வந்த நர்ஸ்: மூன்று மாத அனுபவம்

பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து மதுரையில் ஒரு ஹோம் நர்சிங் சேவையை எடுத்திருக்கிறோம். பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர். கூட இருப்பது முப்பது வருஷமாக அவர் வளர்த்த ஒரு திருநங்கை, மகள் மாதிரி இல்லை, மகளேதான். முன்பு போன ஒரு மருத்துவமனையில் அவளிடமே "சொந்தக்காரங்க யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். அவள் முகம் அப்படியே வாடிப்போனது.

இந்த நர்ஸ் முதல் நாள் கேட்டது, "அம்மாவை ராத்திரி யார் பார்த்துக்கிறாங்க?" அவள் "நான்தான்" என்றதும் நோட்டில் 'மகள்' என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் அவளுக்கே சொல்லிக் கொடுத்தார்: படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலும் இடுப்பின் பின்பக்கமும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம், நாங்கள் டாக்டரிடம் சொல்லாத ஒன்றையும் பிடித்துவிட்டார். சனிக்கிழமை விரதம், ஆனால் இன்சுலின் மட்டும் வழக்கம்போல! அன்று குளுக்கோமீட்டரில் சர்க்கரை 62, 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. விரதத்தை விடச் சொல்லி அதட்டவில்லை, டாக்டரிடம் பேசி அந்த நாளுக்கான அளவை மாற்றி வாங்கினார்.

குறை ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வருகிறார், குடும்பக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டணமும் கூடுதல்தான். அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேளுங்கள், 2021-இல் தொடங்கியது, படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கே வருவார்கள்.